உங்க கண்ணாடி லென்ஸ் எப்படித் தயாராகுது? பவர் சீட்டு முதல் ஃபிட்டிங் வரை!

கண் டாக்டரிடம் செக்கப் முடிந்து, கையில் பவர் சீட்டோடு கடைக்குப் போகிறோம். ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மணி நேரம். மிரர் முன்னால் நின்று நாலு செல்ஃபி, 'எது நல்லாருக்கு?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு. எல்லாம் முடிந்ததும் கடைக்காரர் கேட்பார், "லென்ஸ் எது போடலாம்? நார்மலா, தின்னா, ப்ளூ கட்டா?" நாம் சொல்லும் பதில், "ஏதோ ஒண்ணு நல்லதா போடுங்கண்ணா." லென்ஸ் விஷயம் பத்து விநாடியில் ஓவர்.

ஆனால், போட்டுக்கொண்டதும் பளிச்சென்று தெரியுமா, இல்லை சாயங்காலம் தலைவலி வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது லென்ஸும், அதற்காகக் கடையில் எடுக்கப்படும் சில அளவுகளும்தான். லென்ஸ் செய்யும் மெஷின்கள் இன்று மிகத் துல்லியமானவை. கொடுத்த எண்ணை அச்சுப் பிசகாமல் லென்ஸாக மாற்றிவிடும். கொடுத்த எண்ணே தப்பு என்றால், அந்தத் தப்பையும் அதே துல்லியத்தோடு செய்து கொடுத்துவிடும். அதனால், லென்ஸ் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் நாம் உஷாராக இருக்க வேண்டும் என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நம் கண்ணுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

சீட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

சீட்டில் வலது கண், இடது கண் என்று இரண்டு வரிசை இருக்கும். சிலர் ஆர்.இ., எல்.இ. என்று எழுதுவார்கள். சிலர் ஓ.டி., ஓ.எஸ். என்று எழுதுவார்கள். ஓ.டி. என்றால் வலது, ஓ.எஸ். என்றால் இடது.

முதல் எண் ஸ்பெரிக்கல் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, ப்ளஸ் என்றால் தூரப்பார்வை. இதன் அலகு டயாப்டர். இதில் ஒரு சிம்பிள் கணக்கு இருக்கிறது. 1-ஐ உங்கள் மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை மீட்டர் வரை உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். பவர் -2.00 என்றால் அரை மீட்டர். -5.00 என்றால் 20 சென்டிமீட்டர், அதாவது முகத்துக்குப் பக்கத்தில் பிடித்த போன் வரைக்கும்தான்.

அடுத்தது சிலிண்ட்ரிக்கல் பவர். சிலருக்குக் கண்ணின் முன்பக்க வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. கிரிக்கெட் பந்து போல உருண்டையாக இல்லாமல், ரக்பி பந்து போல ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருக்கும். அதைச் சரிசெய்யத்தான் இந்த பவர். அது எந்தத் திசையில் வேலை செய்ய வேண்டும் என்பதை 1 முதல் 180 டிகிரி வரை சொல்வது ஆக்ஸிஸ்.

இந்த ஆக்ஸிஸை லேசாக நினைக்காதீர்கள். ஃபிட்டிங்கில் லென்ஸ் 10 டிகிரி திரும்பிவிட்டால், சிலிண்டர் பவரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிசெய்யப்படாமல் மிச்சம் நின்றுவிடும். 30 டிகிரி திரும்பினால் அந்த சிலிண்டர் பவர் போட்டதற்கே பலன் இருக்காது.

வெள்ளெழுத்து வந்தவர்களின் சீட்டில் 'ஆட்' என்று இன்னொரு எண்ணும் இருக்கும். படிப்பதற்காகக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய பவர் அது.

அரை மணி நேரத்தில் லென்ஸ் ரெடி... எப்படி?

"டீ குடிச்சிட்டு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். வேறு சிலருக்கு, "நாலு நாள் ஆகும்" என்பார்கள். இரண்டுமே நியாயம்தான். ஏன்னா, லென்ஸில் இரண்டு ரகம் உண்டு.

முதல் ரகம், ஸ்டாக் லென்ஸ். ஃபேக்டரியில் மொத்தமாகச் செய்து, பவர்வாரியாகக் கவரில் போட்டு வைத்திருப்பார்கள். பவர் 0.25 இடைவெளியில்தான் ஏறும். 0-விலிருந்து -6.00 வரை 25 பவர்கள். ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர் 0-விலிருந்து -2.00 வரை 9 வகைகள். மொத்தம் 225 வகை லென்ஸ் இருந்தால், கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

'சரி, ஆக்ஸிஸ் 180 டிகிரி இருக்கே?' என்று கேட்கலாம். அதற்குத்தான் லென்ஸ் வட்டமாக வருகிறது. வெட்டுவதற்கு முன் தேவையான டிகிரிக்குத் திருப்பிக்கொண்டால் முடிந்தது.

இந்த லென்ஸ் பிறக்கும் இடம் ஓர் அச்சு. துல்லியமாக வளைக்கப்பட்ட இரண்டு கண்ணாடி அச்சுகளை எதிரெதிரே வைத்து, சுற்றிலும் டேப் அல்லது ரப்பர் வளையம் போட்டு அடைப்பார்கள். நடுவில் இருக்கும் இடைவெளியில் திரவப் பிசினை ஊற்றி, ஓவனில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடேற்றுவார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே அலை அலையாகக் கோடு விழும், விரிசலும் வரலாம். திரவம் இறுகியதும் அச்சைப் பிரித்தால் லென்ஸ் ரெடி.

'கண்ணாடி' என்று நாம் சொன்னாலும், இன்று பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக்தான். அதிகம் பயன்படும் பிளாஸ்டிக்கின் பெயர் சி.ஆர்-39. 1940-களில் அமெரிக்காவில் உருவானது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் டேங்க்குகளில் பயன்பட்டது. போர் முடிந்த பிறகு, 1947-ல் கலிபோர்னியாவின் ஆர்மர்லைட் நிறுவனம் இதில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்தது. எடை, கண்ணாடியில் கிட்டத்தட்டப் பாதி. கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. மூக்கில் பள்ளம் விழும் கஷ்டம் இப்படித்தான் குறைந்தது.

பாலிகார்பனேட் லென்ஸின் கதை வேறு. குருணை குருணையாக இருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் அழுத்திச் செலுத்திச் செய்வார்கள். அடிபட்டாலும் தாங்கும் என்பதால் குழந்தைகளுக்கும், விளையாடுபவர்களுக்கும் இது நல்ல சாய்ஸ். ஒரு சின்னக் குறை, ஓரக்கண்ணால் பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பில் லேசாக வண்ணக் கோடு தெரியலாம்.

லேபுக்குள் ஒரு விசிட்

ஸ்டாக்கில் அடங்காத பவர், அதிக சிலிண்டர், ப்ரோக்ரெஸிவ் லென்ஸ்... இவை எல்லாம் உங்களுக்கென்றே தனியாகச் செய்யப்படுபவை. நாலு நாள் ஆவது இதனால்தான்.

இங்கே ஆரம்பப் பொருள், தடியான ஒரு வட்டு. அதன் முன்பக்க வளைவு மட்டும் ஏற்கெனவே முடிந்திருக்கும். பின்பக்கத்தை உங்கள் பவருக்கு ஏற்றபடி செதுக்க வேண்டும். கணக்கு எளிது. முன்பக்கத்துக்கு +4.00 பவர் இருக்கிறது, உங்களுக்கு -3.00 வேண்டும் என்றால், பின்பக்கம் -7.00 ஆக இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் -3.00. லென்ஸின் தடிமனையும் சேர்த்து நுணுக்கமாகக் கணக்குப்போடும் வேலை கம்ப்யூட்டருடையது.

முன்பக்கத்தில் கீறல் விழாமல் இருக்க ஒரு ஃபிலிம் ஒட்டுவார்கள். பிறகு, மெஷின் பிடித்துக்கொள்வதற்காக அந்தப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கட்டையைப் பொருத்துவார்கள். இதற்கு வெகுகாலம் பயன்பட்டது, வெறும் 47 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் ஓர் உலோகக் கலவை. லென்ஸுக்குச் சூடு படாமல் ஒட்டலாம், வெந்நீரிலேயே கழற்றிவிடலாம். ஆனால், அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதால், அது இல்லாத முறைகளுக்குப் பல லேப்கள் மாறிவருகின்றன.

அடுத்து, வைரமுனை கொண்ட கருவி வட்டின் பின்பக்கத்தைச் சீவ ஆரம்பிக்கும். தேங்காய்த் துருவல் போல பிளாஸ்டிக் சுருள் சுருளாகப் பறக்கும். சில நிமிடங்களில் வளைவு வந்துவிடும். ஆனால், லென்ஸ் இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். மிக நுண்ணிய அலுமினியம் ஆக்ஸைடு கலந்த குழம்பை ஊற்றி, மெத்தென்ற பேடால் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட்ட பிறகுதான் பளிங்கு போலத் தெளிவு வரும்.

ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் இந்தச் செதுக்கல் இன்னும் நுணுக்கமானது. மேலே தூரத்துக்கு, நடுவில் கம்ப்யூட்டருக்கு, கீழே படிப்பதற்கு என்று கோடு தெரியாமல் பவர் மாறிக்கொண்டே வரும். 1959-ல் பிரான்ஸில் பெர்னார்ட் மெத்தனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ்தான் இந்த ரகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. உங்கள் அம்மா அப்பாவின் ப்ரோக்ரெஸிவ் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசர் போட்ட குட்டிக் குட்டி அடையாளங்கள் தெரியும். கடையில் லென்ஸைச் சரியான இடத்தில் பொருத்த அவைதான் வழிகாட்டி.

எல்லாம் முடிந்ததும் லென்சோமீட்டரில் வைத்துப் பவரைச் சரிபார்ப்பார்கள். வழக்கமான பவர்களில் சுமார் 0.12 டயாப்டர் வரை வித்தியாசம் இருந்தால்தான் சர்வதேசத் தரத்தில் பாஸ்.

பச்சையாக மின்னுவது என்ன?

பாலிஷ் முடிந்த பிளாஸ்டிக் லென்ஸ் சுலபமாகக் கீறல் வாங்கிவிடும். அதனால் ஒரு வார்னிஷ் கரைசலில் முக்கியெடுத்தோ, சுழலவிட்டு ஊற்றியோ ஹார்டு கோட்டிங் போடுகிறார்கள். அதற்கு மேல் போடுவதுதான் கடைக்காரர் சொல்லும் ஏ.ஆர். கோட்டிங்.

சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8 சதவிகிதம். போட்டோவில் உங்கள் கண்ணுக்குப் பதில் ட்யூப்லைட் தெரிவது இதனால்தான். இதைக் குறைக்க, லென்ஸ்களைக் குடை போன்ற தாங்கியில் அடுக்கி, ஓர் அறைக்குள் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சிவிடுவார்கள். பிறகு எலெக்ட்ரான் கற்றையால் உலோக ஆக்ஸைடுகளைச் சூடாக்கினால், அவை ஆவியாகி லென்ஸின் மேல் படியும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். எல்லாம் சேர்ந்தாலும் தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியின் குறுக்கீட்டு விளைவேதான்! ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முழுசாக அழியாமல் மிச்சமிருக்கும் கொஞ்சம் ஒளிதான் லென்ஸில் பச்சையாகவோ நீலமாகவோ மின்னுகிறது.

ஒரு விஷயம். இந்த கோட்டிங் போட்டால் இரவில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் மங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். லென்ஸுக்குள் உண்டாகும் நிழல் வெளிச்சங்களைத்தான் அது குறைக்கும். நேராகக் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் அடிக்கத்தான் செய்யும்.

ஃபிட்டிங்... இங்கேதான் கவனம் தேவை

இப்போது வட்டமான லென்ஸ் உங்கள் ஃப்ரேமின் வடிவத்துக்கு மாற வேண்டும். ஃப்ரேமின் உள்விளிம்பை ஒரு கருவி தடவிப் பார்த்து அளவெடுக்கும். அதே வடிவத்தில் வைரத்தூள் பதித்த சக்கரம் லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும். முழு ஃப்ரேம் என்றால் ஓரத்தில் கூர்மையான விளிம்பு, நைலான் இழை தாங்கும் ஃப்ரேம் என்றால் ஓரத்தில் பள்ளம், ரிம்லெஸ் என்றால் துளை.

லென்ஸை எந்த இடத்தை மையமாக வைத்து வெட்ட வேண்டும்? இதற்குத்தான் பி.டி. அளவு. உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் இருக்கும் தூரம். பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். லென்ஸின் ஒளி மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும். தள்ளிப்போனால் லென்ஸ் ஒரு முப்பட்டகம் போல வேலை செய்து, பார்க்கும் காட்சியை நகர்த்திக் காட்டும்.

எவ்வளவு நகரும்? உங்கள் பி.டி. 62 என்று வைத்துக்கொள்வோம். அதை 66 என்று எடுத்துவிட்டார்கள். வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். பவர் -1.00 என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டு கண்ணின் காட்சிகளும் மொத்தம் 4 மில்லிமீட்டர்தான் விலகும். பெரும்பாலும் மூளை சமாளித்துவிடும். அதுவே -6.00 என்றால் 2.4 சென்டிமீட்டர்! இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கக் கண் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். தலைவலி, கண் வலி, 'ஏதோ சரியில்லையே' என்ற உணர்வு எல்லாம் இதனால் வரலாம். பவர் சரி, லென்ஸும் சரி, கோளாறு இருப்பது அளவில்!

பவர் சீட்டில் பெரும்பாலும் பி.டி. இருக்காது. அதைக் கேட்டு எழுதி வாங்கி, போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அதிக பவர் உள்ளவர்கள், ப்ரோக்ரெஸிவ் போடுபவர்கள் என்றால் மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஏன்னா, எல்லோருக்கும் மூக்கு சரியாக நடுவில் இருப்பதில்லை. ப்ரோக்ரெஸிவுக்கு ஃப்ரேமை மாட்டிக்கொண்ட நிலையில் உயரத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

தின் லென்ஸா, சின்ன ஃப்ரேமா?

1.50, 1.60, 1.67, 1.74 என்று கடையில் சொல்வது ஒளிவிலகல் எண். எண் கூடக்கூட, அதே பவருக்கு லென்ஸ் மெல்லியதாகும். விலையும் கூடும். ஆனால், தடிமனை முடிவு செய்வதில் ஃப்ரேமுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

உங்கள் ஃப்ரேமின் காம்பில் 52, 18 என்பது போல எண்கள் அச்சாகியிருக்கும். 52 என்பது லென்ஸின் அகலம், 18 என்பது மூக்குப் பாலம். இரண்டையும் கூட்டினால் 70. உங்கள் பி.டி. 62 என்றால், ஒவ்வொரு லென்ஸையும் 4 மில்லிமீட்டர் உள்பக்கம் தள்ளிப் பொருத்த வேண்டும். அப்போது மையத்திலிருந்து காதுப்பக்க ஓரம் 30 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். இதுவே 48, 16 ஃப்ரேம் என்றால் 25 மில்லிமீட்டர்தான்.

இப்போது பவர் -5.00 என்று வைத்துக் கணக்குப் போடலாம். பெரிய ஃப்ரேமில் சாதாரண 1.50 லென்ஸின் காதுப்பக்க ஓரம், நடுப்பகுதியைவிடத் தோராயமாக 4.5 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனாக இருக்கும். அதே ஃப்ரேமில் 1.67 போட்டால் 3.4. சின்ன ஃப்ரேமில் சாதாரண 1.50 போட்டாலே 3.1! தின் லென்ஸுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி வேலையை ஃப்ரேமே செய்துவிடுகிறது. -1.00, -1.50 பவருக்கெல்லாம் 1.67 கேட்பது தேவையில்லாத செலவு. -6.00-க்கு மேல் போகும்போது, சின்ன ஃப்ரேமும் தின் லென்ஸும் சேர்ந்தால் நல்ல பலன். அதோடு ஏ.ஆர். கோட்டிங்கும் போட்டுவிடுங்கள். ஏன்னா, 1.67 லென்ஸ் கோட்டிங் இல்லாமல் சுமார் 12 சதவிகித ஒளியைத் திருப்பியடிக்கும்.

ப்ளூ கட் அவசியமா?

நாள் முழுக்க போனும் லேப்டாப்பும்தான் வாழ்க்கை என்று ஆகிவிட்டதால், ப்ளூ கட் வாங்காத ஆளே குறைவு. 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. கம்ப்யூட்டர் பயன்பாட்டால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில், சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் ப்ளூ கட் லென்ஸால் குறுகிய காலத்தில் பெரிதாக வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. கண் காய்ந்து சோர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவ்வப்போது தூரத்தில் பார்ப்பது, வேண்டுமென்றே கண் சிமிட்டுவது இரண்டுக்கும் காசு கிடையாது.

விலை உயர்ந்த லென்ஸைவிடச் சரியான பவர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆதாரம் உண்டு. அசாமில் 40 வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. சாதாரணக் கிட்டப் படிக்கும் கண்ணாடி பெற்றவர்களின் இலை பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் கூடுதலாக உயர்ந்தது. ப்ளூ கட்டும் இல்லை, தின்னும் இல்லை. கண்ணுக்கு என்ன தேவையோ அந்த பவர், அவ்வளவுதான்.

கண்ணாடி வாங்கும் நாளில் இதையெல்லாம் பாருங்க!

* லென்சோமீட்டரில் வைத்து உங்கள் கண்முன்னே பவரையும் ஆக்ஸிஸையும் காட்டச் சொல்லுங்கள். சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலது, இடது மாறவில்லையே என்பதையும்தான்.

* லென்ஸின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் உங்கள் பி.டி.யோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். லென்சோமீட்டரில் புள்ளி வைத்து அளந்து சொல்லிவிடுவார்கள்.

* நீங்களே ஒரு டெஸ்ட் செய்யலாம். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பாருங்கள். லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோடும் அதே பக்கம் நகர்ந்தால் மைனஸ், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் ப்ளஸ். லென்ஸை லேசாகச் சுழற்றும்போது கோடு சாய்ந்தால் அதில் சிலிண்டர் பவர் இருக்கிறது.

* புதுக் கண்ணாடி போட்டதும் தரை மேலே வருவது போலவோ, கதவு வளைந்தது போலவோ சில நாள்கள் தெரியலாம். ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், 'பழகிடும்' என்று சகித்துக்கொள்ளாதீர்கள். பவர், ஆக்ஸிஸ், பி.டி. மூன்றையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

* வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலோ பைக் டேங்க் பையிலோ கண்ணாடியை வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு கோட்டிங் விரியாது. அதனால் மெல்லிய வெடிப்புகள் விழும். வெந்நீரும் வேண்டாம்.

* டி-ஷர்ட், துப்பட்டா நுனியால் காய்ந்த லென்ஸைத் துடைத்தால், ரோட்டுத் தூசியே உப்புக்காகிதம் மாதிரி கீறிவிடும். முதலில் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு, மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் "லென்ஸ் எதுங்க?" என்று கேட்டால், "முதல்ல பி.டி. எடுங்கண்ணா, அப்புறம் பேசலாம்" என்று ஆரம்பியுங்கள்.